சாம்பிராணிக்கு அலறிய கருவி

வெள்ளி, இரவு.

யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன். புது பிளைவுட் அலமாரி வந்ததிலிருந்து தங்கை மகள் நசீமாவுக்கு மூச்சிழுப்பு. அதன் பசையிலிருந்து வீட்டுக்காற்றில் எவ்வளவு நச்சு கலக்கிறது என்று அளக்க, மூலக்குளம் வீட்டுக்குக் கல்லூரிப் பெண் ஒருத்தி கருவியோடு வந்தாள். விருந்தாளி வருகிறாளே என்று தங்கை வீடெங்கும் சாம்பிராணி போட்டிருந்தாள். கருவி அலறியதில் எங்கோ கடலோரத்தில் இருக்கும் பிள்ளைச்சாவடிப் படகுகள் பயந்து கரையேறின.

“ஏம்மா புகை போட்டீங்க? இப்ப எப்படி அளக்குறது?”

“வர்றவங்க மூக்கப் பொத்தக் கூடாதுல்ல!”

அந்தப் பெண் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, புகை போனபின் மூடி, மாலையில் மறுபடி அளந்தாள். அலமாரிதான் குற்றவாளி. அதை ஒற்றை விரலால் தூக்கி வராந்தாவில் வைத்தேன்.

படகு பொய், விரலும் பொய். நசீமா இன்று இழுப்பில்லாமல் தூங்குகிறாள். ஒரே ஒரு இரவுதான், ஆனாலும் அது நிஜம்.