பெத்தி என்ற பெயருக்கு அர்த்தம் கேட்பவர்கள்

என் அருமை நைனாவுக்கு,

நேற்று சித்தப்பாவிடமிருந்து தபால் வந்தது, பிரான்ஸிலிருந்து. படித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி விடுதியில் எனக்குத் தோழிகள் உண்டு. ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்து கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சண்டை நடக்குமே, அது ஒருவழியாக முடிந்துவிட்டது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நாம் ஆந்திராவிலேயே இருக்கிறோம். அம்மா பிறந்த ஊர் இப்போது அடுத்த ராஜ்யம். அம்மா செத்துப்போன பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோன மாமா, "இனிமே அவ்ளோ தூரம் எங்கம்மா வர்றது" என்கிறார். ஒரு மைல்கூடக் கூடவில்லை, நைனா.

நான் திருப்பதியில்தான் இருக்கிறேன். நர்ஸ் வேலை நன்றாகப் போகிறது. நம் பெயரைத்தான் இன்னும் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வார்டில் என்னைப் 'பெத்தம்மா' ஆக்கிவிட்டார்கள். தெலுங்கில் அது பெரியம்மா. போன வாரம் நகரியிலிருந்து வந்து படுத்திருந்த ஒரு அம்மாள் அதைத் தமிழாகக் கேட்டுவிட்டு, "உனுக்கு எத்தினி புள்ளைங்கம்மா?" என்றாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு பெத்த அம்மான்னு கூப்புட்றாங்கோ?" என்றாள். நான் ஜுரம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை உதறிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

என்னை நர்ஸ் படிப்பில் சேர்க்க வந்தாயே, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆந்திரா பிரிந்து வந்த புதிது. ஆபீஸில் எல்லோரையும் இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், என்னவென்று கேட்டார்கள். தெலுங்குக்காரர்களுக்கு அது இருக்கிறது. நமக்கு முன்னால் நின்ற புத்தூர்க்காரர், "எங்களுக்கு அப்டி ஒண்ணும் இல்ல சாமி, அப்பன் பேரு மட்டுந்தான்" என்று கையைப் பிசைந்தார். அந்த வரிசையிலேயே வீட்டுப் பெயர் வைத்திருந்த தமிழன் நீ ஒருத்தன்தான்.

"சின்னப்பன் பெத்தி" என்றாய். குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"தெலுகுவாள்ளா மீரு?"

"இல்ல சார். தமிழுதான். பேரு மட்டும் பிரெஞ்சுப் பேரு."

பேனாவை வைத்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சின்னவன் என்றாய். "எங்க பாஷையில பெத்தன்னா பெரியவன்யா" என்று அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டார். "குலம்?"

அப்போதுதான் நானும் முதன்முதலாக அந்தக் கதையை முழுதாகக் கேட்டேன்.

"எங்க தாத்தா பாண்டிச்சேரி பக்கத்துல கூலிவேலை செஞ்சவரு சார். ஊர்ல அவர ஒரு வார்த்த சொல்லித்தான் கூப்புடுவாங்க. அத என் பொண்ணு எதுர்ல நான் சொல்ல மாட்டேன். சாதிக் கட்டு வேணாம், பிரெஞ்சுச் சட்டமே போதும்னு எழுதிக் குடுத்தா புதுசா ஒரு பேரு வெச்சிக்கலாம்னு அப்ப ஒரு வழி இருந்துச்சு. தாத்தா போய் நின்னாரு. இன்னா பேரு வேணும்னு தொர கேட்டான். அவருக்கு அந்த பாஷையில ஒரு வார்த்த தெரியாது. குட்டையான ஆளு. தொர ஏற எறங்கப் பாத்துட்டு பெத்தின்னு எழுதிட்டான். வெளிய வந்து அர்த்தம் கேட்டாரு, சின்னவன்னாங்க. சின்னவனாவே இருந்துட்டுப் போறேன், அந்த வார்த்த போச்சே அது போதும்னாரு. அதான் சார் எங்க குலம்."

குமாஸ்தா குலம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்லா சதுவுக்கோம்மா" என்றார். நன்றாகத்தான் படித்தேன், நைனா.

நீ போன விதத்தைக் கண்டக்டர் முனிரத்தினம்தான் வந்து சொன்னார். திருப்பதியிலிருந்து சித்தூருக்கு வரும் மதிய டிரிப். புத்தலப்பட்டு தாண்டியதும் பஸ்ஸை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, "முனிரத்தினம், எல்லாரையும் எறக்கி வுட்டுடு" என்றாயாம். ஏன் என்று கேட்டுக்கொண்டு அவர் முன்னால் வருவதற்குள் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டாயாம். உன்னை அடக்கம் செய்தபோது கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாருக்குப் பின்னால் மொட்டைத் தலையும் நெற்றியில் நாமமுமாகச் சிலர் நின்றார்கள். மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு உன் பஸ்ஸில் திரும்பியவர்கள். எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. அவர்களும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

அடுத்த மாதம் பாண்டிச்சேரியிலிருந்து சித்தப்பா வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்தவர், வெள்ளைக்காரன் போன ஊரில் தனக்கு இனி என்ன இருக்கிறது என்று குடும்பத்தோடு பிரான்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டார்.

"அங்க நம்ம பேரு இங்க முருகன், சுப்பிரமணி மாதிரிம்மா. டாக்டருக்கும் இருக்கும், தெருக் கூட்டறவனுக்கும் இருக்கும். குட்டையா இருக்கறவனையும் வீட்டுல இளையவனையும் அந்தக் காலத்துல அப்படிக் கூப்பிட்டு, அதுவே பரம்பரைப் பேரா நின்னுடுச்சு. எந்த ஊர்லதான் குட்டையா ஒருத்தன் இருக்க மாட்டான்? அதான் அங்க எங்க பாத்தாலும் பெத்தி. உன்ன யாரும் அர்த்தம் கேக்க மாட்டாங்க."

ஆசையாகத்தான் இருந்தது. யாரும் இரண்டாம் முறை கேட்காத ஊரில் பெயரைச் சொல்லிவிட்டு நடந்துபோவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்ல சித்தூருக்கு வந்தபோது முனிரத்தினம் உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். "நீ போய்ட்டு வா பாப்பா. அண்ணன நான் பாத்துக்கறேன்" என்றார். தடுக்க ஒருவர்கூட இல்லை.

ஆனாலும் நான் போகவில்லை. ஏன் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. ஸ்டேஷனில் சித்தப்பா கடைசியாகக் கேட்டபோது, "அங்க பெத்தி நெறைய பேர் இருப்பாங்க சித்தப்பா. எங்க நைனாவத் தெரிஞ்சவங்க யார் இருப்பாங்க?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரயில் நகரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது அவர் எழுதியிருப்பதைச் சொல்கிறேன், கேள். அவர் குடியிருக்கும் ஊரில் ஒரு ரொட்டிக் கடை, பலகையில் நம் பெயர். சித்தப்பா கோட்டு மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். அழகான பிரெஞ்சில், "நானும் பெத்திதான் ஐயா" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அப்படியா? உங்களுக்கு இந்தப் பெயர் எங்கே கிடைத்தது?" என்று கேட்டாராம். கெட்ட மனுஷன் இல்லையாம். ஒரு ரொட்டி கூடுதலாகவே வைத்துக் கட்டிக் கொடுத்தாராம். சித்தப்பாவால்தான் அன்றைக்கு அதைச் சாப்பிட முடியவில்லையாம். "அவங்க படையில சண்டை போட்டவன் நான். அப்போ உன்னத்தான் நெனச்சிக்கிட்டேன் லூர்து" என்று முடித்திருக்கிறார்.

போகாமல் இருந்ததற்கு நான் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? முடியவில்லை. என்னை யாரும் கேள்வி கேட்காத ஓர் ஊர் இருக்கிறது, நான்தான் போகவில்லை என்று நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் களைத்துப்போகும் நாட்களில் அந்த ஊரை நினைத்துக்கொள்வேன். இனி எதை நினைப்பது, நைனா?

இன்று வேலைக்குப் போகும்முன் சித்தப்பாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். மறுபடியும் அந்தக் கடைக்குப் போங்கள், அது கிடைத்த பெயர் இல்லை, எங்கள் தாத்தா கேட்டு வாங்கிய பெயர் என்று சொல்லுங்கள் என்று எழுதினேன். அவருக்கு எழுதிவிட்டு நான் மட்டும் ஜுரக் குழாயை உதறிக்கொண்டு நகர்ந்துவிட முடியுமா? இனி யார் கேட்டாலும், நோயாளியோ, பெரிய டாக்டரோ, என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களோ, உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உன் ஒரே மகள்,
லூர்து மேரி பெத்தி