பெரிய டயர் போட்ட வண்டி

இன்று காலை சிவாஜிநகரில் மெக்கானிக் நயாஸ் பாய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பின் அச்சின் மூடியைத் திருகினார். பழைய எண்ணெய் கறுப்பாகத் தட்டில் இறங்கியது. கியர் எண்ணெயின் அந்த வாடை உனக்குத் தெரியும். அழுகின முட்டையும் கருகின ரப்பரும் கலந்தாற்போல இருக்கும். மூக்கில் ஏறினால் மதியம்வரை இறங்காது. நான் மூக்கை மூடிக்கொள்ளவில்லை. அங்கேயே நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் நீயும் பக்கத்தில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

நம்மோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வுக்காலத்தை நினைத்து மனை வாங்கினார்கள், நகை வாங்கினார்கள். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நீ, பின்னால் திறந்த தொட்டியும் நான்கு சக்கரத்துக்கும் இழுவையும் உள்ள ஒரு பழைய பிக்கப்பை வாங்கிவந்து உன் காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் நிறுத்தினாய். உன் அண்ணன் டேவிட் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அன்றே வந்துவிட்டார்.

"இன்னா இது, காய்கறி ஏத்தப் போறியா? சர்ச்சுக்கும் இதுலதான் வருவியா?"

"ஆமாண்ணா. நீயும் வா, பின்னாடி எடம் இருக்குது."

எதற்கடி இது என்று நானும் கேட்டேன். "ரோடு முடியற எடத்துக்கு அப்பால இன்னா இருக்குதுன்னு பாக்கணும் ரீட்டா," என்றாய். பள்ளி நூலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நடந்தே வயதாகிவிட்ட எனக்கு, ரோடு முடிகிற இடத்தைப் பற்றி யோசிக்க அதுவரை காரணம் இருந்ததில்லை.

சக்லேஷ்பூர் பக்கத்துத் தோட்டப் பாதையில் கற்கள் வண்டியின் அடிவயிற்றை இடித்தன. அதனால் பெரிய டயர் போட்டாய். வண்டி உயர்ந்து, பார்க்கக் கம்பீரமாகிவிட்டது. ஏறி உட்கார எனக்குத்தான் ஒரு முக்காலி தேவைப்பட்டது. அடுத்த முறை அதே பாதையில், காபிச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் சரிவில் வண்டி முனகியது. முதல் கியரிலேயே திணறி, பாதி வழியில் நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கியது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். நீ கைப்பிரேக்கை இழுத்தாய். பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. அங்கிருந்து அப்படியே பின்னோக்கி மெல்ல இறங்கித் திரும்பிவந்தோம்.

டேவிட் அண்ணன் சொன்னது சுருக்கமானது: "அந்த டயரக் கழட்டு, இல்லன்னா வண்டிய வித்துடு."

உனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தட்டையும் மூடியையும் மேசையில் வைத்து எனக்கு உருட்டிக் காட்டினாய். "டயர் பெரிசானா ஒரு சுத்துக்குத் தூரமும் ஜாஸ்தி. இன்ஜின் பழசுதானே, அதே பலம்தான். அதுக்கு மூச்சு வாங்காதா? தப்பு டயர்ல இல்ல. அச்சுக்குள்ள இருக்கற பல்சக்கரம் சின்ன டயருக்குக் கணக்குப் பண்ணுனது. அத மாத்தணும்."

நயாஸ் பாயும் அதையே சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே கணக்குல இருக்கணும் மேடம். வேற வேறயா இருந்துச்சுன்னா, ஃபோர் வீல் போட்டதும் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடும். எதாவது ஒண்ணு உடையும்."

பின் அச்சுக்கான பல்சக்கரங்கள் உடனே கிடைத்தன. முன் அச்சுக்கானவை எங்கும் இல்லை. பின்னால் மட்டும் மாற்றிக்கொண்டு சாதாரணச் சாலையில் ஓட்டலாமே என்று டேவிட் அண்ணன் சொன்னார், நானும் சொன்னேன். நீ கேட்கவில்லை. "பாதி வேலை பண்ணிட்டு அத வண்டின்னு சொல்ல மாட்டேன்." மழைக்காலம் முழுக்க வண்டி பாயின் கொட்டகையில் மரக்கட்டைகளின் மேல் நின்றது. நீ எங்கும் பேருந்தில் போய்வந்தாய். அந்த மாதங்களில் நீ மெலிந்துகொண்டே வந்ததை, பேருந்து அலைச்சல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தது. பாய் வேலை செய்த அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கவில்லை. புதுப் பற்களில் மஞ்சள் சாயம் பூசி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பல்லோடு பல் எங்கே உரசுகிறது என்று பார்த்தார். உரசின தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் விழுந்தது. கழற்றி, காகிதம்போல மெல்லிய தகடு ஒன்றை உள்ளே வைத்து, மறுபடி மாட்டினார். மறுபடி ஓரம். நீ பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாய்.

"இன்னும் நடுவுல வரல பாய்."

"வரும் மேடம். டீ குடிங்க."

சாயங்காலம் ஒருவழியாகத் தடம் நடுவில் விழுந்தபோது நீ கை தட்டினாய். பாய் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும், வேகமாக ஓட்டக்கூடாது, கொஞ்ச தூரம் போய் நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஹொசகோட்டே சாலையில் மெதுவாகப் போனோம். லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு நம்மைத் தாண்டின. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாய். குனிந்து அச்சின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாய். நிமிர்ந்து புடவையைத் தட்டிவிட்டபடி, ஏதோ கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாய்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு ரீட்டா. நல்லா இல்ல. ஈரல்ல இருக்குதாம்."

அழுகை வந்தது. நீ என் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாய். நோய் உனக்கு, தண்ணீர் எனக்கு.

"எப்பத்திலருந்துடி தெரியும்?"

"போன வாரம். பல்லு நடுவுல வரட்டும்னு இருந்தேன். ஒரு நேரத்துல ஒரு கவலை போதும்."

சிரித்துவிட்டேன். அழுதுகொண்டேதான் சிரித்தேன். வண்டி ஆறும்வரை நீ பேசினாய்: என்ன சிகிச்சை, யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் இப்போது சொல்லக் கூடாது. பிறகு சாவியை என் கையில் வைத்தாய். "இனிமே நீதான் ஓட்டணும். மருந்து ஏறுனா எனக்கு முடியாது." ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டாதவள் நான். அன்று முதல் நீ பக்கத்து இருக்கையில், நான் ஸ்டியரிங் முன்னால். திட்டினாய், சிரித்தாய், ஒருமுறை கூர்க் ரோடு முனையில் பேருந்துக்கு முன்னால் நான் இன்ஜினை அணையவிட்டபோது, இறங்கிப் போய் ஓட்டுநரிடம் கன்னடத்தில் எனக்காக மன்னிப்புக் கேட்டாய்.

இரண்டாவது மருந்துச் சுற்றுக்கு முன் அந்தச் சரிவுக்குப் போனோம். பாதி உயரத்தில், முன்பு உருண்ட அதே இடத்தில், "நிறுத்து," என்றாய்.

"பைத்தியமாடி உனக்கு?"

"நிறுத்திட்டு, மறுபடி கெளப்பு. ஓடிவந்து ஏறுறது பெரிசில்ல."

நிறுத்தினேன். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல், மாடு பாரத்தை இழுப்பதுபோல நிதானமாக ஏறியது. மேலே போனதும் நீ இறங்கினாய். பானெட்டில் சாய்ந்து, மேகம் மலையைத் தாண்டுவதை வெகுநேரம் பார்த்தாய். ரோடு அங்கே முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கம் வரவில்லை. கல்லறையிலிருந்து திரும்பிய அன்று டேவிட் அண்ணன் வண்டியின் காகிதங்களை என்னிடம் கொடுத்தார். "நான் வித்துடுவேன்னு தெரிஞ்சுதான் உன் பேருக்கு எழுதி வெச்சிருக்குது," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போம்மா," என்றார். கூட்டிப்போனேன். சரிவில் அவரும் மாதாவைத்தான் கூப்பிட்டார்.

போன மழையில் அந்தப் பக்கம் தனியாகப் போயிருந்தேன். தோட்டத்து வீடுகளுக்கு ஜீப் வருவது நின்றுபோயிருந்தது. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் சேற்றில் நடந்துவந்தாள். ஏற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக அதைப்போன்ற இன்னொரு மேட்டைத் தாண்ட வேண்டும். பாதை ஓடைபோல ஓடிக்கொண்டிருந்தது. நான்கு சக்கர இழுவையைப் போட்டு, அவசரப்படாமல் ஏறினேன். குழந்தைக்கு ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கும்வரை இருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போது அவள் சேறு அப்பிய பெரிய டயரைத் தொட்டுப் பார்த்து, "யார்து அக்கா ஈ காடி?" என்று, வண்டி யாருடையது எனக் கன்னடத்தில் கேட்டாள்.

அதுவரை யார் கேட்டாலும் என் சிநேகிதியோட வண்டி என்றுதான் சொல்லிவந்தேன். அன்று, "நம்து," என்றேன்.

நம்முடையது என்கிற அந்தச் சொல் கன்னடத்தில் ஒருத்திக்கும் பொருந்தும், இரண்டு பேருக்கும் பொருந்தும். அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது. நான் இரண்டு பேரைத்தான் சொன்னேன்.