விடியாத ஊரில் கோழி

தை 16, வெள்ளி. பனி. கொல்லிமலை கண்ணில் படவில்லை.

நிற்கும். காற்று ஓடிப்போகாது. என் கதையில் வரும் உலகம் சிறிசுதான், ஆனால் நல்ல குளிராக வைத்துவிட்டால் காற்று தங்கும். சூடேறினால்தான் பறக்கும். "அத்தன சின்ன உலகத்துல காத்து நிக்குமுங்களா?" என்று செல்லாயி கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு இதுதான் பதில். சொல்ல ஆள் இல்லை. இரண்டு நாளாக அவள் இந்தப் பக்கமே வரவில்லை.

செல்லாயி அத்தை மகள். கட்டிக்கொள்ளும் முறை. நான் எழுதும் வேற்றுலகக் கதையில் பாதி உலகம் அவள் கேட்டுக் கேட்டு உண்டானது.

இதுவரை முடிவானது: மங்கின சிவப்புச் சூரியன். ஒரு பக்கம் எப்போதும் வெயில், மறுபக்கம் எப்போதும் இருட்டு. நிலா நமக்கு ஒரே முகம் காட்டுகிற மாதிரி. ஜனங்கள் நடு விளிம்பில், அந்தி வெளிச்சத்தில். எடை எல்லாம் இங்கே உள்ளதில் பாதி. இருட்டுப் பக்கம் காற்றே உறைந்துவிடுமோ? யோசிக்கணும்.

"விடியாத ஊர்ல கோழி எப்பத்தானுங்க கூவும்?" என்றாள் போன வாரம். கோழி கிடையாது என்றேன். "கோழி இல்லாத ஊருக்கு நான் வரமாட்டனுங்க."

தை 17, சனி.

ஏன் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. எருமப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். நிலம், கிணறு எல்லாம் உண்டு. அத்தை வந்து அம்மாவிடம் சொன்னாள்: "காலேசப் பாதியில உட்டான். சேலத்துல நூல் கடைக்குப் போனான், அதையும் உட்டான். இப்ப ஆகாசத்துல ஊடு கட்டறான். எதை நம்பிப் புள்ளையக் குடுக்கறதுங்க அண்ணி?"

அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். அத்தை சொன்னது எல்லாம் நிஜம்.

புதன்கிழமை வெற்றிலை. பெண்ணை வெளியே கொடுப்பதானால் முறைக்காரன் கையில் வெற்றிலை பாக்கு வைக்கணும். வாங்கினால் உரிமையை விட்டேன் என்று அர்த்தம். வாங்காவிட்டால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும்.

வாங்க மாட்டேன்.

சாப்பிடவில்லை. செருப்பு வார் அறுந்தது.

தை 19, திங்கள். வெயில்.

அப்பா கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைக்கச் சொன்னார். மாடுகள் சரிவில் இறங்க, நான் வடக்கயிற்றின் மேல் உட்கார, தோல் சால் தண்ணீரோடு மேலே வந்தது. கொஞ்சம் இறைத்ததும் உறைத்தது. ஐயோ, தப்பு.

எடை பாதியானால் தண்ணீர் இறைக்க ஒரு மாடு போதுமா என்று செல்லாயி ஒருநாள் கேட்டாள். போதும் என்றேன். "அப்ப இன்னொண்ணு படுத்து அசை போடட்டும்" என்று சிரித்தாள். கதையிலும் அப்படியே எழுதிவிட்டேன். சால் பாதி கனம், சரி. மாடும்தானே பாதி? வடத்தில் உட்காருகிறவனும் பாதி. மண்ணை மிதிக்கிற பிடியும் பாதி. ஒற்றை மாடு கால் வழுக்கி நிற்கும். அங்கேயும் ஜோடிதான் வேணும்.

ஓடிப்போய் அவளிடம் சொல்லக் கால் பரபரத்தது. வரப்பு தாண்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன்.

தை 20, செவ்வாய்.

வந்தாள். அவளாகவே, கிணற்றடிக்கு. கண் வீங்கி.

"நாளைக்கு வெத்தலைய வாங்கிக்குங்க மச்சான்."

"மாட்டேன்."

"வாங்காட்டி எங்கய்யன் சபையில தலை குனியோணும். எனக்குப் பொறகு ரெண்டு தங்கச்சிங்க இருக்குதுங்க."

"எனக்காகக் காத்திருக்க மாட்டியா?"

"இருப்பனுங்க. எத்தன நாளைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

எதில் நான் நின்றேன், இதில் நாள் சொல்ல?

முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டாள். "கதைய முடிச்சுப்போட்டீங்களா?"

"இல்ல. ஒரு மாடு போதும்னது தப்பு புள்ள. ரெண்டு வேணும்."

"ஏனுங்க?"

சொன்னேன். மாடு, வடம், பிடி எல்லாம். கடைசிவரை கேட்டாள். அவள் மாதிரி யாரும் கேட்டதில்லை.

"திருத்தி எழுதிப்போடுங்க" என்றாள். போய்விட்டாள். காற்று பற்றிய பதிலைச் சொல்லவே இல்லை.

தை 21, புதன். மறுபடி பனி.

அம்மா வெள்ளை வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டு கையும் நீட்டி வெற்றிலையை வாங்கணுமாம். சரி.

காலையிலேயே திருத்திவிட்டேன். இரண்டு மாடு. கோழியும் போட்டுவிட்டேன். எப்போது கூவும் என்றுதான் கணக்கு வரவில்லை. அடித்து அடித்து எழுதினேன். ஊரில் யாராவது முதலில் கண் விழித்தால்...

வண்டி பூட்டியாகிவிட்டது. "சாமி, எல்லாரும் காத்திருக்கறாங்க, வா" என்கிறார் அப்பா. போகணும்.