நீலச் சட்டைக்குக் கை தட்டிய ஞாயிறு

மகன் தம்பிக்கு,

உன் மச்சாள் நிரூபாவிடம் நான் கொடுத்துவிட்ட ரோல்ஸை மைக்ரோவேவில் வைக்காதே, நமுத்துப்போகும். ஓவனில் சூடாக்கு.

அப்பா அன்று சொன்னதைப் பற்றி எழுதப்போவதில்லை. நீ வீட்டை விட்டுப் பிறம்ரன் நகருக்குப் போனதைப் பற்றியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்கன் ஃபுட்போல் தொடங்கும் முதல் ஞாயிறு என்றால் அஜின்கோர்ட் தமிழ்க் கடை மட்டன் ரோல்ஸ்தானே நம் வீட்டில். இந்த முறை நான் சொல்லாமலே அப்பா போய், உன் சிநேகிதர்களுக்கும் சேர்த்து வாங்கி வந்துவிட்டார். ஒருவரும் வரவில்லை. "மாடுகள் மாதிரி முட்டுறாங்கள்" என்று வருடா வருடம் ஏசுகிற மனிசன், தானே ரிவியில் ஆட்டத்தைப் போட்டார். சோபாவில் உன் மூலையை விட்டுவிட்டுத் தள்ளி இருந்தார்.

உன் பஃபலோ அணிக்கு நீலச் சட்டை என்று எங்கள் இருவருக்கும் நினைப்பு. நீலம் பந்தோடு ஓடியபோதெல்லாம் அப்பா கை தட்டினார், நானும் தட்டினேன். பாதி ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, வெளியூரில் ஆடியதால் உன் ஆட்கள் வெள்ளை போட்டிருந்தார்கள். நீலம் எதிரணி! நீ இருந்திருந்தால் முதல் நிமிடமே கத்தியிருப்பாய்.

அப்பா ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அடுத்த கிழமை என்ன நிறம் போடுவினம் எண்டு அவனிட்டைக் கேளும்" என்றார். நீ போன பிறகு உன் பேச்சை அவர் எடுத்தது இதுதான் முதல் தரம்.

இதற்கு மெசேஜில் பதில் போடாதே. அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்க முதல் வந்து அவரிடமே சொல்.

அம்மா