பெயர் வைக்காத மாகாணத்திலிருந்து

விராட்நகர்
பைசாக் 5

நிசாவின் அப்பாவுக்கு,

இங்கு நலம். போனில் பேசினால் இருவரும் கத்திக்கொள்கிறோம், அதனால்தான் கடிதம்.

காத்மாண்டுவில் ஒரே அறையில் இருந்த புருஷன் பெண்டாட்டியை, மாகாண அரசு அமைக்கிறோம் என்று நாட்டின் இரண்டு ஓரத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். குடியுரிமைச் சான்றில் எந்த ஊரோ அந்த மாகாணமாம். கல்யாணமானதுமே என் பிறந்த வீட்டு முகவரியை மாற்றிவிடலாம் என்றேன். "இருக்கட்டும், அதுக்கு யாரு அலையிறது?" என்ற மகராசன் நீங்கள்தான்.

மாகாண அலுவலகத்துக்குக் கட்டடம் இல்லை, பழைய குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மாகாணத்துக்கே இன்னும் பெயர் வைக்கவில்லை. முத்திரையில் வெறும் எண். என்னைச் சட்டப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். காத்மாண்டுவில் விட்டுவந்த நிசா உங்கள் அக்கா வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

உங்கள் யசோதா

சுர்கேத்
ஜேட் 11

அன்பு யசோதா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மாற்றல் கேட்டுப் பார்த்தேன். காத்மாண்டுவில் "நீ இனிமே மாகாணத்து ஆளு" என்கிறார்கள். இங்கே கேட்டால் மாற்றலுக்கான சட்டம் வரவில்லையாம். முட்டுச்சந்தில் நிற்கிறேன்.

தினமும் நானே திண்டோக் களி கிளறித் தின்று நாக்கு செத்துவிட்டது. அம்மாவும் சொல்கிறாள், நானும் யோசித்தேன். நீ வேலையை விட்டுவிடேன். நிசாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. ஒரு சம்பளம் போதும் நமக்கு.

தர்மராஜ்

விராட்நகர்
அசார் 2

நிசாவின் அப்பாவுக்கு,

மூன்றாவது தடவை தேர்வு எழுதி வாங்கிய வேலை இது. அழுதேன். பிறகு நிசாவை நினைத்து ராஜினாமா எழுதிக்கொண்டு செயலாளரிடம் போனேன்.

படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதை வாங்கிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அதுக்கான மாகாணச் சட்டமே இன்னும் எழுதலையே."

யார் எழுதவேண்டும் என்று கேட்டேன்.

"சட்டப் பிரிவு. நீங்கதான்."

வெளியே வந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் உங்கள் மேல் கோபம் வந்தது. நான் விட வேண்டும் என்று அம்மாவும் பிள்ளையும் யோசித்தீர்களே, நீங்கள் விடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே?

சட்டத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். ராஜினாமாவைப் பற்றிய பகுதியைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன், அவசரமில்லை. நிசாவைக் கூட்டிவந்து இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை பார்த்திருக்கிறேன், மூன்று பேர் தாராளமாக இருக்கலாம்.

உங்கள் மாகாணத்தில் ராஜினாமா வாங்கிக்கொள்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள்.

யசோதா