எடுக்காத காட்சிக்குக் கிடைத்த மூன்றாம் பரிசு

அனுப்புநர்:
வாணி இருளப்பன்,
கரங்கான், கூலிம், கெடா.

பெறுநர்:
செயலாளர்,
வடக்கொளி குறும்பட விழாக் குழு,
அலோர் ஸ்டார், கெடா.

பொருள்: நடுவர்கள் படங்களை முழுமையாகப் பார்த்தார்களா என விசாரிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா,

பரிசு வாங்கியவளே புகார் எழுதுவது முறையல்ல என்று தோன்றலாம். உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். ஒன்பது நாள்களாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்துவிட்டு இதை அனுப்புகிறேன்.

1. கடந்த 9.11.2024 சனிக்கிழமை நடந்த விழாவில் என் 'ஆறு மணி பஸ்' மூன்றாம் பரிசு பெற்றது. பதினொரு நிமிடப் படம். மேற்படிப்புக்குப் புறப்படும் மகளும் தொழிற்சாலைக்குப் போகும் தாயும் விடியற்காலையில் ஒரே சாலைச் சந்திப்பில் அவரவர் பேருந்துக்குக் காத்திருப்பதுதான் கதை. தாயாக நடித்தவர் என் அம்மா பாப்பம்மா. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார்.

2. நடுவர் குழுத் தலைவரும் திரைப்பட விமர்சகருமான திரு. ஜெயகுமார், இறுதிக் காட்சியில் அந்தத் தாய் விடும் கண்ணீரை மறக்க முடியாது என்று மேடையில் சொன்னார். அரங்கம் கை தட்டியது. அம்மா என் கையைக் கிள்ளி, "நான் எங்கடி அழுதேன்? பஸ்காரன் நிக்க மாட்டான், அழுவறதுக்கு எங்க நேரம்னு சொன்னேன் லா!" என்றார். உண்மைதான். அவர் அப்படிச் சொன்னதால் அழும் காட்சியை நான் எடுக்கவே இல்லை. மகளின் பை ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அவர் பேருந்தில் ஏறுவதோடு படம் முடியும். வேறு படத்தை நினைத்துச் சொல்லியிருப்பார் என்று அம்மாவிடம் சமாளித்தேன்.

3. வீடு திரும்பியதும் உங்களுக்கு அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். தவறு என்னுடையது. 'இறுதி', 'இறுதி சரி' என என் கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன; முதலாவதை அனுப்பியிருக்கிறேன். அதில் எட்டாம் நிமிடத்திற்குப் பிறகு கறுப்புத் திரைதான். 'கடைசிக் காட்சி, அடுத்த சனிக்கிழமை எடுக்க வேண்டும்' என்று எனக்காக எழுதிவைத்த வரி மூன்று நிமிடம் அப்படியே நிற்கிறது. விழாவில் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் திரையிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு எடுத்த அந்தக் காட்சி உள்ள சரியான கோப்பை இன்றுவரை நான் எவருக்கும் கொடுக்கவில்லை.

4. அப்படியானால் கண்ணீர் எங்கிருந்து வந்தது? விண்ணப்பத்துடன் ஒரு பக்கக் கதைச்சுருக்கம் கேட்டிருந்தீர்கள். படப்பிடிப்புக்கு முன்பே எழுதிய அதை, "ஈரம் கசியும் கண்களோடு தாய் வழியனுப்புகிறாள்" என்று முடித்திருந்தேன். எனக்குக் கிடைத்த மதிப்பீட்டுத் தாள்களில் மூன்று நடுவர்களில் இருவர் 'ஈரம் கசியும் கண்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவர் 'இயல்பான அழுகை' என்கிறார். முடிவுக்கு மூவருமே பத்துக்கு எட்டுப் புள்ளி.

5. மூவரும் பத்திரிகைகளில் எழுதுபவர்கள். அவர்களின் விமர்சனங்களைப் படித்துத்தான் நான் படம் பார்க்கவே கற்றுக்கொண்டேன். அவர்களைச் சந்தேகிப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மற்ற நாற்பது படங்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணம் விடவில்லை. நான்காம் இடத்தோடு பரிசின்றிப் போன வசந்தன் என்பவர் தம் தாளை முகநூலில் போட்டிருந்தார். 'முடிவு தெளிவாக இல்லை' என்று அதில் இருந்தது. அவரை எனக்குப் பழக்கமில்லை. தம் கதைச்சுருக்கத்தில் முடிவை எழுதாமல் விட்டிருப்பாரோ?

ஆகவே, நடுவர்கள் எந்தப் படத்தை எதுவரை பார்த்தார்கள் என்று விசாரித்து, எல்லாப் படங்களையும் மறுபடி பார்க்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாத படத்தை அனுப்பிய என் பரிசை ரத்து செய்தால் மறுக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பதிலைத் தபாலில் அனுப்பாதீர்கள் ஐயா. எங்கள் வீட்டில் தபாலைப் பிரிப்பவர் அம்மா. சான்றிதழைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தொழிற்சாலைப் பேருந்தில் எல்லாருக்கும் காட்டிவிட்டார். முடிவெடுத்ததும் முதலில் என்னை அழையுங்கள். எண் விண்ணப்பத்தில் இருக்கிறது. கடைசிக் காட்சியில் அவர் நடித்ததை யாருமே பார்க்கவில்லை என்பதை நானே அவரிடம் சொல்ல வேண்டும்.

பணிவுடன்,
வாணி இருளப்பன்

இடம்: கரங்கான்
நாள்: 18.11.2024