ஈரச்சாக்கின் நாலாவது தட்டு

1971 ஜூன் 12, குத்தாலம்

மைக் செட் கடையை இன்றும் திறக்கவில்லை. ஒரத்தநாட்டில் ஒருவரிடம் 'ஈரச்சாக்கு' குழுவின் இசைத்தட்டு இருப்பதாகக் கேட்டு பஸ் ஏறினேன். பார்த்தால் முதல் தட்டு. என்னிடமே இரண்டு இருக்கிறது. இருந்தும் வாங்கி வந்தேன். "அதே பாட்டுதானேங்க, எதுக்கு?" என்றாள் நஃபீசா. எதுக்குன்னு எனக்கு மட்டும் தெரியுமா?

ஜூன் 20

ஈரச்சாக்கு என்றால் தஞ்சாவூர்க் கல்லூரிப் பையன்கள் நாலு பேர். இரண்டு கிடார், ஒரு டிரம், துரைராசின் கரகரத்த குரல். சொந்தச் செலவில் மெட்ராஸ் போய் நாலு தட்டு போட்டார்கள். எந்தக் கடையும் வாங்கவில்லை, குழு கலைந்தது. நாலாவதுதான் என்னிடம் இல்லை. துரைராசோ பண்ணை நிலத்தில் கூலியாட்களோடு இறங்கி நெல் அறுத்த வழக்கில் தலைமறைவு. போலீஸ் ஒரு வருஷமாகத் தேடுகிறது. நானும்தான்.

ஜூலை 3

துரைராசின் சொந்த ஊருக்கே கார்டு போட்டுப் பார்த்துவிட்டேன். பதிலில்லை. நஃபீசா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். "தட்டோடயே குடும்பம் நடத்துங்க." நடத்துறேன், போ!

ஜூலை 4

பைத்தியமாடா நீ, ஜெக்கரியா?

ஜூலை 19

அல்லாவே, கிடைத்துவிட்டது!

கார்டைப் பார்த்து துரைராசின் மனைவி வேம்பு தேடி வந்தார். பூம்புகார் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். வலைக் கொட்டகையில் தாடியும் எலும்புமாக துரைராசு. "எங்க பாட்ட இப்படித் தேடுன ஆளு நீங்க ஒருத்தர்தான் பாய்" என்று நாலாவது தட்டை எடுத்து, உறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "எங்க வாங்குனீங்கன்னு மட்டும் மூச்சு விட்றாதீங்க." சத்தியம் பண்ணினேன்.

ஜூலை 25

பொத்திவைக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் பகல் பந்தியின்போது குழாயில் போட்டேன். பந்தியிலிருந்த ஏட்டு சாரங்கபாணி கை கழுவிவிட்டு வந்தார். "எந்தக் குப்பையில பொறுக்குனே பாய்?"

குப்பையா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "போன வாரம் பூம்புகார்ல அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு!" என்று உறையை நீட்டிவிட்டேன். வாயை மூடுறதுக்குள்ள சொல்லிட்டேன். ஐயோ, சொல்லிட்டேனே.

ஜூலை 27

பிடித்துவிட்டார்கள்.

ஜூலை 29

பார்க்கப் போனேன். ஸ்டேஷன் வாசல்வரை. நான்தான்னு சொல்லணும் — என்னன்னு சொல்றது? வீம்புக்குச் சொன்னேன்னா? திரும்பி வந்துவிட்டேன். நாசமாப் போக நான்.

ஆகஸ்ட் 9

வேம்பு வந்தார். இடுப்பில் ஒரு துணி மூட்டை. விற்காமல் போன தட்டுகள் மொத்தமும். நாலாவதில் மட்டும் ஒரு கட்டு இருந்தது.

"யாரோ காட்டிக் குடுத்துட்டாங்க பாய். இனிமே எவரையும் நம்பாதன்னு சொன்னாரு. இத மட்டும் உங்ககிட்ட சேத்துடச் சொன்னாரு."

டீ வாங்கிக் கொடுத்தேன். மூணு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சொல்லவில்லை.